கொல்லைப்புறத்து உயிர்களும் கருணையின் அளவுகோலும்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் நாலு மரமும் இருந்தால் போதும், அழையாமல் வந்து குடியேறும் உயிர்களுக்குக் குறைவிருக்காது. எலி, பெருச்சாளி, அவற்றைத் தேடி வரும் சாரை, ஓட்டுக்கடியில் மரநாய், தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு, மழை விட்டதும் சுவரேறும் ஆப்பிரிக்க நத்தை, மாமரக் கிளையில் கதண்டுக் கூடு. இவற்றில் எதை விட்டுவைப்பது, எதை விரட்டுவது, எதைக் கொல்வது, கொல்வதானால் எப்படி என்று வீட்டுக்கு வீடு அன்றாடம் முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலும் அவசரத்தில், பயத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு எடுக்கப்படும் முடிவு அது.

இதே கேள்விக்குச் சமயங்களும் நகராட்சிகளும் விலங்கு மருத்துவர்களும் சூழலியலாளர்களும் நெடுங்காலமாக விடை சொல்லி வருகிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. ஒருவர் கருணை என்று சொல்வதை இன்னொருவர் கொடுமை என்கிறார். அவற்றை எடைபோட இக்கட்டுரை கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: நம் கண்ணைவிட்டு அகன்றபின் அந்த உயிருக்கு உண்மையில் என்ன நேர்கிறது?

அறிவுகளின் ஏணி

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையினம் ஈரறிவு, கரையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. சமணத்திலும் புலன்களின் எண்ணிக்கையை ஒட்டிய இத்தகைய பகுப்பு உண்டு. ஆனால் கீழ்ப்படியில் இருப்பதால் ஓர் உயிரைக் கொல்லலாம் என்று சமணம் சொல்லவில்லை. திகம்பரத் துறவி மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டு அமர்வது கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காகத்தான். பாஞ்சராபோல் எனப்படும் விலங்குக் காப்பகங்கள் சிலவற்றில், குஜராத்தில், பூச்சிகளுக்கென்றே தனி அறை வைத்து, தானியத்தோடு அவற்றை விட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. திருக்குறள் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. வாசலில் அரிசி மாவால் இடும் கோலம் எறும்புக்கு உணவாகட்டும் என்ற எண்ணமும் இந்த மரபின் வீட்டு வடிவம் எனலாம்.

இந்த நிலைப்பாட்டின் பெருமை வெளிப்படையானது. பயன்படும் உயிர், பயன்படாத உயிர் என்று பிரிக்காமல் எறும்பையும் அறத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த மரபுகள் உலகில் அதிகமில்லை. ஆனால் குறைகள் இரண்டு உண்டு. முதலாவது, கொன்றவருக்கு வந்து சேரும் பாவமே இங்கே பெரும்பாலும் பேசப்படுகிறது. செத்த உயிர் பட்ட பாடு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இரண்டாவது குறை சமூகத்தைப் பற்றியது. தன் கையால் கொல்லாத வீடு, கொல்வதற்கு இன்னொருவரை வரவழைத்தது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் வயல் வரப்பைத் தோண்டி, மண்பானையில் புகை மூட்டி வளைக்குள் ஊதி எலி பிடிப்பதில் தேர்ந்தவர்கள். அந்தத் திறமையால் நெல் தப்பியது. இழிவோ பிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. கொலையின் பழியை இன்னொரு சமூகத்தின் மேல் ஏற்றிவைக்கும் கொல்லாமையை முழுமையான விடையாக ஏற்க முடியாது.

ஒழித்துக்கட்டும் வழி

எதிர்முனையில் நிற்பது ஒழிப்பு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபின் எலியைக் கொல்வது அரசின் கடமையாயிற்று. எலித் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் 1898-ல் காட்டினார். அதிலிருந்தே ஒரு சிக்கலும் தெரியவந்தது: எலி செத்தால் தெள்ளுப்பூச்சி பட்டினி கிடக்காது, அடுத்த உடம்பைத் தேடும். 1902-ல் ஹனோயில் பிரெஞ்சு நிர்வாகம் எலி வாலுக்குக் காசு கொடுத்தது. வாலறுந்த எலிகள் ஊரெங்கும் ஓடின, காசுக்காக எலி வளர்ப்பவர்களும் கிளம்பினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஒழிப்பு ஏன் தோற்கிறது என்பதைத் தெளிவாக்கியவர்களுள் டேவிட் டேவிஸ் முக்கியமானவர். 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து எலிகளை அவர் ஆராய்ந்தார். கொன்று குறைத்த இடங்களில் எலிகள் மறுபடி பெருகி வந்தன. குப்பையையும் ஒதுங்கும் இடத்தையும் குறைத்த இடங்களில்தான் எண்ணிக்கை கீழேயே நின்றது. எலி சினைக்காலம் சுமார் மூன்று வாரம், ஓர் ஈற்றில் பல குட்டிகள். தீனி இருக்கும்வரை கொன்ற இடம் வெகுநாள் காலியாக இருக்காது.

இந்தியச் சட்டத்திலும் ஒழிப்பு மனப்பான்மை நெடுங்காலம் இருந்தது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தீங்குயிர் என்று வகைப்படுத்தியது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. ஆனால் குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் ஓர் உயிரைத் தீங்குயிராக அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் தொடர்கிறது. சிம்லாவின் குரங்குகள், பீகாரின் நீலான், உத்தராகண்டின் காட்டுப்பன்றி ஆகியவற்றின் மேல் 2015, 2016 ஆண்டுகளில் வந்த அறிவிப்புகள் அமைச்சர்களுக்கிடையிலேயே பகிரங்கச் சண்டையைக் கிளப்பின.

சாவின் தன்மை

கொல்வது தவிர்க்க முடியாதபோது எப்படிக் கொல்வது? பலர் முகம் சுளித்துக் கடந்துவிடும் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர் பிரிட்டனின் சார்லஸ் ஹ்யூம். 1926-ல் விலங்கு நலத்துக்கான பல்கலைக்கழக அமைப்பு ஒன்றைத் தொடங்கிய அவர், முயலுக்கு வைக்கும், காலைக் கவ்வும் இரும்புப் பல் பொறிக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இங்கிலாந்தில் அது 1958-ல் தடை செய்யப்பட்டது. முயலைக் கொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. இரவு முழுக்கத் துடிக்கவிட்டுக் கொல்லாதே என்றார்.

அதே கேள்வியை எலியிடம் கொண்டுவந்தவர்கள் ஜார்ஜியா மேசனும் கேட் லிட்டினும். 2003-ல் அவர்கள் வெளியிட்ட மதிப்பாய்வு, ஒவ்வொரு முறையிலும் எலி எவ்வளவு நேரம், எவ்வகையில் துன்புறுகிறது என்று வரிசைப்படுத்தியது. முடிவு பொதுப்புத்திக்கு மாறானது. பார்க்கக் கொடூரமாகத் தெரியும் அடிபொறி, வலுவான வில்லோடு கழுத்தில் சரியாக விழுந்தால், ஒப்பீட்டளவில் இரக்கமானது. பார்க்கச் சுத்தமாகத் தெரியும் பசை அட்டையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் விஷமும் மிகக் கொடியவை.

பசை அட்டையில் நடப்பதைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முதலில் ஒரு கால் ஒட்டும். அதை இழுக்க அடுத்த காலை ஊன்றும், அதுவும் ஒட்டும். திமிறத் திமிற மயிர் பிய்ந்து தோல் கிழியும். மூக்கும் வாயும் பசையில் அழுந்தினால் மூச்சு திணறும். காலையில் அட்டையை மடித்துக் குப்பையில் போடும்போது அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. பல்லியும் ஓணானும் சிட்டும் மாட்டினாலும் இதே கதிதான். நியூசிலாந்து 2015-லும் இங்கிலாந்து 2024-லும் இதைப் பொதுமக்கள் பயன்படுத்துவதைத் தடுத்தன. இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களிடம் தடை கோரியிருக்கிறது, பல மாநிலங்கள் ஆணையும் பிறப்பித்துள்ளன. ஆனால் சந்தையிலிருந்து அது மறைந்துவிடவில்லை.

நம் வீடுகளில் இன்னும் பரவலான வழி, கம்பிக் கூண்டில் பிடித்துத் தண்ணீர் வாளியில் அமிழ்த்துவது. இரத்தம் சிந்தாததால் இதைச் சாதுவான முறை என்று பலர் நினைக்கிறார்கள். மூழ்கடிப்பதை ஏற்கத்தக்க முறையாக அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் ஒப்புக்கொள்வதில்லை. நீந்தத் தெரிந்த எலிக்கு அது நீண்ட திணறல்.

விஷத்தின் கதை கொல்லைக்கு வெளியேயும் நீள்கிறது. 1948-ல் எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்த வார்ஃபரினும் அதற்குப் பின்வந்த புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் போன்றவையும் உடலுக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கிப் பல நாள் எடுத்துக் கொல்கின்றன. பின்வந்த வகைகள் கல்லீரலில் நெடுநாள் தங்கும். விஷம் தின்று தள்ளாடும் எலி, ஆந்தைக்கு எளிதான இரை. நியூயார்க்கில் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து தப்பி ஓராண்டு ஊரறிய வாழ்ந்த ஃப்ளாகோ என்ற பெருங்கோட்டான் 2024-ல் இறந்தபோது அதன் உடலில் நான்கு வகை எலி விஷம் இருந்தது. அந்நகரம் எலிகளுக்குக் கருத்தடைத் தீவனம் வைத்துப் பார்க்கும் சட்டத்தை அதே ஆண்டு இயற்றியது. நம் கூகையும் சாரையும் எலியையே நம்பி வாழ்பவை. விஷம் வைக்கும் வீடு தன் இலவசக் காவலையும் சேர்த்தே கொல்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் எத்தனையோ மனிதர்களின் கல்லீரலை அழித்திருப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பிடித்துக்கொண்டு போய் விடுவது

இன்று கருணையின் மறுபெயராகவே கருதப்படுவது இந்த வழி. பாம்பு வந்தால் அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கோ பாம்பு பிடிப்பவருக்கோ தகவல் சொல்கிறார்கள். அவர் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டில் விடுகிறார். முப்பதாண்டுக்கு முன்பு தெரு கூடிக் கம்பெடுத்த ஊர்களில் இது பெரிய மாற்றம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பாம்புகளைத் தோலுக்காகப் பிடித்து வாழ்ந்த இருளர்கள், சட்டம் அந்தத் தொழிலை மூடியபின், 1978-ல் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திருப்பி விடும் முறைக்கு மாறினார்கள். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் விடப்பட்ட விலங்கு பிறகு என்ன ஆகிறது? இதை அளந்து பார்த்த ஆய்வுகள் மனத்துக்கு உவப்பானவை அல்ல. அமெரிக்காவில் புறநகர்த் தோட்டங்களில் பிடித்த 38 சாம்பல் அணில்களைக் காட்டில் விட்டு ரேடியோக் கருவியால் பின்தொடர்ந்தார்கள். 88 நாட்களுக்குள் 97 விழுக்காடு செத்தன, அல்லது அந்த இடத்தைவிட்டுக் காணாமற்போயின. இதை 2004-ல் வெளியிட்டார்கள். பாம்புகள் மேல் நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. இடம் மாற்றப்பட்ட அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புகளும் ஹாங்காங்கின் பச்சை விரியன்களும் சொந்த இடத்தில் இருந்தவற்றைவிட அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு சாரைக்குத் தன் வட்டாரத்தில் எந்தப் பொந்து குளிர்ச்சி, எங்கே தண்ணீர், எந்த வழியில் நாய் வரும் என்பதெல்லாம் பழக்கம். புது இடத்தில் அது திக்குத் தெரியாமல் திறந்தவெளியில் ஊர்கிறது. அந்தக் காட்டில் ஏற்கெனவே இருக்கும் பாம்புகளுக்கு நோயையும் கொண்டுபோகலாம்.

சட்டமும் இங்கே சிக்கலானது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது பிடிப்பதையும் உள்ளடக்கும். அனுமதியின்றிப் பிடிப்பது, நல்ல நோக்கமானாலும், அந்த வரையறைக்குள் வரக்கூடும். தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொல்வதைக் குற்றமல்ல என்று அதே சட்டம் விலக்கி வைக்கிறது. படம்பிடித்து இணையத்தில் போடுவதற்காகப் பாம்பைக் கையில் பிடித்து ஆட்டும் போக்கு வேறு வளர்ந்துவிட்டது. அது பாம்புக்கும் நல்லதல்ல, பிடிப்பவருக்கும் நல்லதல்ல.

அப்படியானால் என்ன செய்வது? விஷமில்லாத சாரையோ நீர்ச்சாரையோ என்றால் வழிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்பதில் ஊர்வன ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து உண்டு. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் வேறு கதை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, பெரும்பாலோர் கிராமத்தவர். குழந்தை விளையாடும் முற்றத்தில் விரியனை விட்டுவை என்று யாரிடமும் சொல்ல முடியாது. பிடித்ததை மிகத் தொலைவுக்குக் கொண்டுபோகாமல் அதே வட்டாரத்தின் பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் விடுவது பாம்புக்கு நல்லது. ஆனால் அது திரும்பி வரலாம். இந்த முரணுக்குச் சுத்தமான தீர்வு எதுவும் இன்னும் கிடைக்கவில்லை.

வராமல் செய்வது

1959-ல் கலிபோர்னியப் பூச்சியியலாளர்கள் நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி இருப்பதே பிரச்சினை ஆகாது. சேதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போதுதான் தலையிட வேண்டும் என்றார்கள். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை அதிலிருந்து வளர்ந்தது. விவசாயத்துக்காகச் சொன்னது வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். கறிவேப்பிலையில் நாலு இலையைத் தின்னும் புழு, நாளைய வண்ணத்துப்பூச்சி. எந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் முடிவுசெய்துவிட்டால் பாதிப் போர் தேவையற்றுப்போகும்.

மீதிப் பாதிக்குத் தடுப்பு. சுண்டெலி ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் நுழையும், எலிக்குப் பன்னிரண்டு போதும். கதவடி இடுக்கையும் குழாய் நுழையும் ஓட்டையையும் கால் அங்குலக் கம்பிவலையும் சிமென்டும் கொண்டு அடைப்பது எந்த விஷத்தைவிடவும் நீடித்த வழி. செங்கல் குவியல், தென்னை மட்டை அடுக்கு, சிந்திய தானியம், இரவில் வெளியே கிடக்கும் நாய்ச்சோறு ஆகியவை எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். பூண்டுக் கரைசலும் பினாயிலும் பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை.

தடுப்பின் அழகு, ஒரே ஏற்பாடு பல வேலை செய்வதில் தெரிகிறது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு. கடிபட்டது தெரியாமலே பலர் இறந்துபோகிறார்கள். பாயைச் சுற்றிலும் இறுகச் செருகிய கொசுவலை அந்தக் கடியைக் குறைக்கிறது என்று நேபாளத் தாழ்நில ஆய்வு காட்டுகிறது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதற்கு வலை மட்டும் போதாது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அது மாறச் சுமார் எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, பழைய டயர், குளிர்பதனப்பெட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடைத்தால் சுழற்சி அறுந்துவிடும். தெருவில் அடிக்கும் புகைமருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டிப் புழு அப்படியே இருக்கும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் வொல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விட்டுப் பார்த்த சோதனையில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உள்ளூர்க் கொசுவில் அத்தகைய வகைகளை உருவாக்கியிருக்கிறது. கொசுவை ஒழிக்காமல் நோயை ஒழிக்கும் இந்த வழி, நெறிநோக்கில் மிகுந்த கவனத்துக்குரியது.

தடுப்பின் பலவீனம் பணத்திலும் இடத்திலும் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் இடுக்கை அடைப்பார். வாடகைக்காரர் வீட்டு உரிமையாளரைக் கெஞ்ச வேண்டும். குடிசைக்கு அடைக்கச் சுவரே இல்லை. பக்கத்து மனையில் குப்பை மலையாகக் கிடந்தால் ஒரு வீட்டின் சுத்தம் எலியைக் கட்டுப்படுத்தாது. வீட்டாரின் கருணையைப் பற்றிப் பேசும் எழுத்துகளில் நகராட்சியின் குப்பை வண்டி அரிதாகவே இடம்பெறுகிறது. அது பெரிய விடுபடல்.

பூச்சிக்கு வலிக்குமா

இதுவரை சொன்னவை முதுகெலும்புள்ளவற்றுக்கு ஓரளவு பொருந்தும். பூச்சிக்கு வரும்போது அடித்தளமே ஆடுகிறது. 1984-ல் ஐஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, நசுங்கிய காலை ஊன்றியே பூச்சி நடப்பதையும், தன் உடலைப் பிற பூச்சி தின்கையிலும் இரை தின்பதையும் சுட்டி, வலி இருப்பதாகத் தெரியவில்லை என்றது. நெடுங்காலம் அதுவே கடைசிச் சொல்லாக இருந்தது. இப்போது நிலைமை மாறுகிறது. லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வகத்தில் வண்டுத்தேனீக்கள் பரிசு எதுவுமில்லாமலே சிறு உருண்டைகளை உருட்டி விளையாடியதாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ஒரு மதிப்பாய்வு, வலிக்கான எட்டு அளவுகோல்களில் ஆறை வளர்ந்த ஈ, கொசு வகைகளும் கரப்பான், கரையான் வகைகளும் நிறைவு செய்கின்றன என்றது. நாம் மிகுதியாகக் கொல்லும் பூச்சிகளே இவை. சான்றுகள் சில இனங்களிலிருந்தே வந்தவை என்பதால் முழு வகைக்கும் நீட்டும்போது எச்சரிக்கை தேவை.

பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு விலங்கு உணர்வுச் சட்டம் நண்டைச் சேர்த்துக்கொண்டது, பூச்சியைச் சேர்க்கவில்லை. தொல்காப்பியம் நண்டையும் தும்பியையும் ஒரே படியில் வைத்ததை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

ஐயம் இருக்கும்போது குறைந்த செலவில் செய்யக் கூடியதைச் செய்வது நியாயம். பூச்சிக்கொல்லித் தெளிப்பான்களில் இருக்கும் பைரித்ராய்டு நரம்பைத் தொடர்ந்து தூண்டி வலிப்பை உண்டாக்குகிறது. கவிழ்ந்து கால் உதறும் கரப்பானில் காண்பது அதுதான். ஒரே அடி அதைவிட இரக்கமானது. ஆப்பிரிக்க நத்தை விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1847-ல் கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்த அது இன்று கேரளத் தோட்டங்களில் பெரும் தொல்லை, எலி நுரையீரல் புழு நோயையும் கடத்தக்கூடியது. உப்புத் தூவினால் நுரைதள்ளி மெல்லச் சாகும், மண்ணும் கெடும். மாலையில் நனைந்த சாக்கை விரித்துக் கூட்டி, கையுறையோடு பொறுக்கி, உடனடியாக நசுக்குவது பார்க்கக் கடினம், நத்தைக்குச் சுருக்கம். கதண்டுக் கூட்டை இரவில் தீயிடுவது தவிர வேறு வழி பல ஊர்களில் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத உயரக் கிளையில் இருந்தால் அதை விட்டுவைப்பதே மேல்.

இன்று நிற்கும் இடம்

2017-ல் சாரா டுபுவாவும் பல நாட்டு வல்லுநர்களும் காட்டுயிர்க் கட்டுப்பாட்டுக்கான ஏழு நெறிகளை வெளியிட்டார்கள். முதல் நெறி, மனித நடத்தையை மாற்ற முடியுமா என்று பார்ப்பது. கடைசி நெறி, தீங்குயிர் என்ற முத்திரையைக் கொண்டு முடிவெடுக்காமல் அந்தந்தச் சூழலைக் கொண்டு முடிவெடுப்பது. இதுவரை வந்த சட்டகங்களில் இது மிகப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. தடுப்பை முதலில் வைக்கிறது, கொலையை மறுக்காமல் அதன் தன்மையைக் கேட்கிறது, இடமாற்றத்தைத் தானாகவே நல்லதென்று ஏற்பதில்லை. ஆனால் அது நிபுணர்களுக்காக எழுதப்பட்டது. இரவு பத்து மணிக்குக் கட்டிலுக்கடியில் சீறல் கேட்கும் வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது தனி வேலை.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. பூச்சியின் வலி உறுதியானால், எண்ணிக்கையால் அது மற்ற எல்லா உயிர்களின் துன்பத்தையும் விஞ்சிவிடும்; அதற்கேற்ற அறம் எப்படி இருக்கும் என்பதில் தத்துவவாதிகளிடையே உடன்பாடில்லை. கருத்தடைத் தீவனம் நகர அளவில் பலன்தருமா என்பது சோதனையில்தான் இருக்கிறது. மூன்றாவது நமக்கு மிக அருகில் இருப்பது. பாம்புக்கடியைத் தமிழ்நாடு 2024-ல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது, கடிபட்ட மனிதரின் விவரம் இனி முறையாகச் சேரும். பிடிக்கப்பட்ட பாம்பின் விவரமோ காட்டில் விடப்பட்டது என்ற குறிப்போடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த மாதம் அந்தப் பாம்பு எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பது நம் வட்டார இனங்களுக்குப் போதிய எண்ணிக்கையில் பதிவாகும்வரை, மீட்பு என்று நாம் அழைப்பதில் எவ்வளவு பாம்புக்கானது, எவ்வளவு நம் நிம்மதிக்கானது என்று பிரித்துச் சொல்வது கடினம்.